கிரேக்கக் கையும் பாரசீகக் காசும்: ஒரு பழைய பொய்யைப் பற்றி

ஐரோப்பிய, அமெரிக்க நூதனசாலைகளுக்குப் போய்வந்த வாசகர்களில் சிலர், கண்ணாடிப் பெட்டிக்குள் புறாமுட்டையை நீளவாக்கில் பிளந்து வைத்தாற்போன்ற சிறிய இளநீலக் கற்களைப் பார்த்திருக்கக்கூடும். பக்கத்திலே சில தங்க மோதிரங்களும் இருந்திருக்கும். கீழே சிறிய அட்டையொன்றில் "கிரேக்க-பாரசீக முத்திரை, கி.மு. 5 - 4ஆம் நூற்றாண்டு" என்று எழுதப்பட்டிருக்கும். கிடைத்த இடம் என்ற வரி பெரும்பாலும் இராது. இருந்தாலும் "சின்ன ஆசியாவாக இருக்கலாம்" என்ற அளவோடு நின்றுவிடும்.

அந்த அட்டையில் உள்ள பெயரைப் பற்றியும் அதில் இல்லாத வரியைப் பற்றியும்தான் இக்கட்டுரை. பெயர் தவறானது என்பதும், இல்லாத அந்த வரிதான் பெயரை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கிறது என்பதும் என் வாதம். எழுத்தாளர் பெயரில்லாத ஓர் அட்டைக்கு மறுப்பு எழுதுவதா என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் தலைப்பும் படவிளக்கமும் எழுதிப் பிழைத்தவன் நான். கட்டுரையை நூறு பேர் வாசித்தால் தலைப்பை ஆயிரம் பேர் வாசிப்பார்கள், படவிளக்கத்தைப் பதினாயிரம் பேர் வாசிப்பார்கள். பொய் ஒன்று நீண்டகாலம் வாழ விரும்பினால் அது குடியேறும் இடம் படவிளக்கம்தான்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பாரசீகப் பேரரசன் சைரஸ் ஏறத்தாழ கி.மு. 546இல் லிடிய நாட்டின் தலைநகரான சார்டிஸைக் கைப்பற்றினான். கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை பெர்சிபோலிஸ் அரண்மனையை எரித்தது. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தவை இம்முத்திரைகள். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த பாரசீக மாகாணங்களோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். பெரும்பாலானவை சால்சிடனி என்னும் பால் கலந்த நீலக்கல்லில் செய்யப்பட்டவை. ஒரு புறம் குவிந்தும் மறுபுறம் தட்டையாகவும் இருக்கும். தட்டையான முகத்தில் உருவம் குடையப்பட்டிருக்கும். நீளவாக்கில் துளையிட்டு உலோக வளையத்தில் கோத்திருப்பார்கள். வளையத்தில் கல் சுழலும்: அணியும்போது குவிந்த புறம் வெளியே தெரியும், முத்திரை பதிக்கும்போது செதுக்கிய முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவற்றோடு எண்முகக் கூம்பு வடிவ முத்திரைகளும், முகத்திலேயே உருவம் வெட்டப்பட்ட உலோக மோதிரங்களும் உண்டு.

வில்லால் சுழற்றும் துளைகருவியின் நுனியில் எண்ணெயையும் தேய்ப்புப்பொடியையும் இட்டு, இடம்வலம் மாற்றி, மேடு பள்ளம் மாற்றிக் குடைய வேண்டும். அந்தப் பொடியின் கடுமைக்குக் காரணமான கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது என்பதை இங்கே சொல்லிவைப்பது குற்றமாகாது. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்குள் வெட்டப்பட்ட காட்சிகளைப் பாருங்கள். குதிரையில் பாய்ந்து காட்டுப்பன்றியை ஈட்டியால் குத்தும் பாரசீக வீரன். நான்கு காலும் நிலம் படாமல் பறக்கும் மான். முதுகில் நீண்ட பின்னல் தொங்க, அகன்ற கையுடைய ஆடை அணிந்து பூவோ வாசனைக் குப்பியோ ஏந்திநிற்கும் பெண். வட்டக் கேடயத்தோடு மண்டியிடும் கிரேக்க வீரனை வீழ்த்தும் பாரசீகன். இவற்றைச் செதுக்கியவர்கள் எவராயிருந்தாலும் அவர்களை வணங்கலாம்.

அவர்கள் எவர் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1900ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் ஃபுர்ட்வெங்லர் பண்டைய முத்திரைக்கற்களைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அந்தத் துறைக்கு அடித்தளம் இட்ட நூல் அது. இந்தக் கற்களைத் தனித் தொகுதியாகப் பிரித்து, பாரசீக எசமானர்களுக்காக உழைத்த அயோனியக் கிரேக்கரின் கைவேலை என்று விளக்கியவரும் அவரே. 1946இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையைச் சேர்ந்த கிசெலா ரிக்டர், "பாரசீகத்தில் கிரேக்கர்" என்ற பொருளில் எழுதிய கட்டுரையில் இதே வாதத்தை மேலும் நீட்டினார். இருவரும் பேரறிஞர்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் கட்டிய வாதத்தின் எலும்புக்கூடு இதுதான்: உருவம் உயிர்ப்போடு இருக்கிறது, உடலின் திருப்பம் இயல்பாக இருக்கிறது, ஆகவே செதுக்கியவன் கிரேக்கன். ஆடை பாரசீகம், வேட்டை பாரசீகம், ஆகவே வாங்கியவன் பாரசீகன். திறமை அங்கே, பணம் இங்கே. கை கிரேக்கனுடையது, காசு பாரசீகனுடையது.

இந்தப் பங்கீடு எங்களுக்கு மிகவும் பழக்கமானது. கிழக்கிலே நல்ல வேலைப்பாடு ஒன்று காணப்பட்டால் மேற்கிலிருந்து ஒருவன் வந்து கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். காந்தாரத்துப் புத்தர் சிலைகளுக்கும் இதே வைத்தியத்தைத்தான் செய்தார்கள். அழகு எங்கே இருக்கிறதோ அங்கே கிரேக்கன் இருந்தான், கிரேக்கன் எங்கே இருந்தானோ அங்கே அழகு இருந்தது என்று ஒரு வட்டத்தைப் போட்டு அதற்குள்ளேயே சுற்றிவந்தால் ஒருநாளும் தோற்க மாட்டோம்.

எதிர்த்தரப்புக்கு உரியதை மறைப்பது பத்திரிகையாளனுக்கு அழகல்ல. எனவே கிரேக்கக் கைகள் இத்தொழிலில் இருந்தன என்பதை நானே சொல்லிவிடுகிறேன். கியோஸ் தீவைச் சேர்ந்த தெக்சமெனோஸ் என்னும் கிரேக்கக் கலைஞன் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தன் பெயரைக் கல்லிலேயே வெட்டிவைத்தான். அவன் செதுக்கிய பறக்கும் நாரை இன்றைக்கும் சென் பீட்டர்ஸ்பேர்க் எர்மிட்டாஜில் இருக்கிறது. கருங்கடற்கரையில் உள்ள கேர்ச்சில் கிடைத்த ஒரு தங்க மோதிரத்தில், கீழைத்தேய ஆடை அணிந்த வில்லாளி ஒருவன் அமர்ந்து அம்பைச் சரிபார்க்கிறான். பக்கத்திலே அதெனாதெஸ் என்ற கிரேக்கப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கிரேக்கர் கிழக்கின் மனிதர்களைச் செதுக்கினார்கள். இதை எவரும் மறுக்கவில்லை. கையொப்பம் இட்ட ஒரு மோதிரத்தைக் காட்டி, கையொப்பமே இல்லாத நூற்றுக்கணக்கான கற்களை ஒரே கணக்கில் எழுதிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

எதிர்த்தரப்பின் இன்னொரு சாட்சி முதலாம் டேரியஸ். சூசா நகரில் தான் அரண்மனை கட்டிய வரலாற்றை அவன் மும்மொழிச் சாசனமாக எழுதிவைத்தான். கல்வேலை செய்தவர்கள் அயோனியர் என்று அதில் இருக்கிறது. இதை எடுத்துக்காட்டாத கலை வரலாற்று நூல் குறைவு. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. கல்வேலை செய்தவர்கள் அயோனியரும் சார்டிஸ்காரரும் என்கிறது சாசனம். சார்டிஸ்காரர் என்றால் லிடியர். அவர்களுடைய மொழி வேறு, எழுத்து வேறு. அடுத்த வரி, பொன்வேலை செய்தவர்கள் மீடியரும் எகிப்தியரும் என்கிறது. செங்கல் சுட்டவர்கள் பாபிலோனியர். பொன் சார்டிஸிலிருந்தும் பாக்திரியாவிலிருந்தும் வந்தது. சூதுபவளமும் லாபிஸ் லசூலி என்னும் கருநீலக்கல்லும் சொக்தியானாவிலிருந்து வந்தன. யானைத்தந்தம் வந்த இடங்களில் ஒன்று சிந்துநதி நாடு. தன் பேரரசில் யார் எதைச் செய்தார்கள் என்று அரசனே பட்டியல் கொடுத்திருக்கிறான். பட்டியலில் முதற்சொல்லை மட்டும் வெட்டியெடுத்து மீதியைக் கீழே போடுவதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத வேண்டாம்.

இப்படி ஒரு வாதம் இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம், அதை மறுத்துப் பேச வேண்டிய சாட்சிகளின் வாயை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள் என்பதே. இந்தக் கற்களில் பெரும்பாலானவை முறையான அகழ்வில் கிடைத்தவை அல்ல. வணிகர் கையிலிருந்து சேகரிப்பாளர் கைக்கும், அவர் இறந்தபின் நூதனசாலைக்கும் வந்தவை. ஒரு கல் எந்தக் கல்லறையில், யாருடைய எலும்போடு, எந்தப் பாத்திரங்களுக்கு நடுவே கிடந்தது என்று தெரிந்தால் அது பேசும். அந்த இடத்திலிருந்து பிடுங்கப்பட்டபின் அதனிடம் எஞ்சியிருப்பது அதன் அழகு மட்டுமே. அழகைப் பார்த்துத்தான் வகைப்படுத்த முடியும் என்றால், வகைப்படுத்துகிறவரின் கண்ணில் எது அழகோ அதுவே தீர்ப்பாகிவிடும். மேற்கத்திய வணிகர் கிரேக்க வேலை என்று சொன்னால் விலை ஏறும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

நல்வினையாக, முத்திரைக்கு ஒரு நிழல் உண்டு. கல்லைக் களவாடலாம், அது பதிந்த களிமண்ணை எவரும் மோதிரத்தில் வைத்து விற்க முடியாது. ஆகவே களிமண் தப்பித்தது.

1933இல் ஏர்ண்ஸ்ட் ஹேர்ட்ஸ்ஃபெல்ட் தலைமையில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் குழு பெர்சிபோலிஸ் கோட்டைச் சுவருக்குள் பல்லாயிரக்கணக்கான களிமண் பலகைகளையும் துண்டுகளையும் கண்டெடுத்தது. டேரியஸின் ஆட்சியில் கி.மு. 509 முதல் 493 வரையிலான நிர்வாகக் கணக்குகள் அவை. யாருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு திராட்சை மது, எந்தப் பயணிக்கு எத்தனை நாள் உணவு என்று பெரும்பாலும் ஈலமைட் மொழியில் எழுதப்பட்டவை. எங்கள் கச்சேரிகளின் பழைய பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை எழுத்து அந்நியமாகத் தோன்றாது. பெரும்பாலான பலகைகளில் அதிகாரிகளின் முத்திரைப் பதிவுகள். மார்க் கரிசனும் மார்கரெட் கூல் ரூட்டும் அவற்றைப் படிப்படியாக வரைந்து, 2001இல் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். பிரித்தறியப்பட்ட முத்திரைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

அந்த ஆயிரத்தில் ஒன்று, "அன்ஷான் நகரத்துக் குராஷ், தெயிஸ்பெஸின் மகன்" என்று எழுதப்பட்ட முத்திரை. டேரியஸின் காலத்திலேயே அது பழைய குடும்பச் சொத்து. அதில் என்ன இருக்கிறது? குதிரைமேல் பாயும் வீரன், கையில் ஈட்டி, முன்னே ஓடும் எதிரி, குதிரையின் காலடியில் விழுந்துகிடக்கும் உடல்கள். மேற்குக் கரையின் நீலக்கற்களில் "கிரேக்கக் கை" செதுக்கியதாகச் சொல்லப்பட்ட அந்தக் குதிரைவீரன், பாரசீகத்தின் நெஞ்சுப்பகுதியில் பல தலைமுறைக்கு முன்பே சவாரி செய்துகொண்டிருந்தான். உருவங்களின் திரட்சியும் நெகிழ்வும் அசீரிய, பாபிலோனிய, ஈலமைட் மரபுகளில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. மேற்கு மாகாணங்களின் கலை பேரரசின் நடுவிலிருந்து பெற்றது மிக அதிகம் என்று ரூட் 1991இலேயே வாதிட்டார். படவிளக்க அட்டைகள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

அதே கோட்டைச் சுவடிகளுக்குள் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு பலகையும் இருக்கிறது. மதுவின் அளவும் மாதத்தின் பெயரும் அதில் உண்டு. ஏதென்ஸ் நகரத்து வெள்ளி நாணயத்தையே முத்திரையாக அழுத்திய பதிவும் இருக்கிறது. யாரோ ஓர் அலுவலரிடம் ஏதென்ஸ் நாணயம் இருந்தது, அவருக்கு அது முத்திரையாகப் பயன்பட்டது. இதை வைத்துப் பெர்சிபோலிஸ் நிர்வாகம் கிரேக்கருடையது என்று எவராவது எழுதினால் சிரிப்போம். மேற்கு மாகாணத்துக் கற்களைப் பற்றி அதே மாதிரி எழுதியபோது மட்டும் ஏன் நூறாண்டு தலையாட்டினோம்?

துருக்கியின் மன்யாஸ் ஏரிக்கரையில் டாஸ்கிலியோன் என்ற இடம் பாரசீக மாகாண ஆளுநரின் இருப்பிடமாக இருந்தது. 1950களில் அங்கே நூற்றுக்கணக்கான களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. தெனிஸ் கப்தான் என்ற துருக்கிய ஆய்வாளர் 2002இல் அவற்றை முழுமையாக வெளியிட்டார். பேரரசன் செர்க்சஸின் பெயர் பொறித்த அரச முத்திரைகளும், முற்றிலும் கிரேக்கச் சாயல் உள்ள முத்திரைகளும், இரண்டுக்கும் இடைப்பட்டவையும் ஒரே ஆவணக்காப்பகத்தில் ஒன்றாகக் கிடந்தன. ஒரே அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்தில் எல்லாமே புழங்கின.

இன்றைய மேற்குக் கரையில் உள்ள வாதி தாலியே குகையில் 1962இல் கிடைத்த சமாரியாப் பத்திரங்களையும் பாருங்கள். அவற்றில் பல, அடிமைகளை விற்றதற்கான உறுதிகள், கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆட்களில் பலருக்கு யாவே என்ற கடவுளின் பெயர் கலந்த பெயர்கள். அவர்களுடைய பத்திரங்களைக் கட்டிய களிமண்ணில் பதிந்திருப்பவையோ கிரேக்கப் பாணி ஆடையற்ற வீரர்களும் பாரசீக அரச வீரர்களும். அவர்களை எந்த இனப்பெட்டிக்குள் போடப்போகிறோம்?

இன்னும் ஒரு சாட்சி. பாபிலோனியாவின் நிப்பூர் நகரில் முராஷு என்ற வணிகக் குடும்பத்தின் ஆவணங்கள் 1893இல் கண்டெடுக்கப்பட்டன. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதில் ஒரு பலகை, பச்சைக்கல் பதித்த ஒரு தங்க மோதிரத்துக்கான உத்தரவாதப் பத்திரம். இருபது ஆண்டுகளுக்குள் கல் கழன்று விழுந்தால் பத்து மினா வெள்ளி நட்டஈடு தருவோம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். உத்தரவாதம் தந்தவர்கள் கிரேக்கர் அல்லர், உள்ளூரார். அதே காப்பகத்தில் முத்திரை மோதிரம் உள்ளவர்கள் மோதிரத்தை அழுத்தினார்கள், இல்லாதவர்கள் நகத்தை அழுத்தினார்கள். எங்கள் நொத்தாரிசு முன்னால் கையொப்பம் வைக்கத் தெரியாதவர் பெருவிரலை அழுத்துவதைப் போல. மோதிரம் என்பது அந்த மனிதர்களுக்குக் கலைப்பொருளாக இருப்பதற்கு முன்பு ஒரு கையொப்பமாக இருந்தது. கையொப்பத்தின் உரிமையாளர் எவரென்று கேட்காமல், அந்தப் பேனையைச் செய்தவன் எந்த இனத்தான் என்று மட்டும் ஒரு நூற்றாண்டு விசாரித்துக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் அந்தப் பெயரின் பெரிய அநீதி வெளிப்படுகிறது. "கிரேக்க-பாரசீக" என்னும்போது நடுவில் ஓர் இடைக்கோடு நிற்கிறது. அந்தச் சிறிய கோட்டின் கீழே ஒரு முழு நாடு புதைந்துகிடக்கிறது. எண்முகக் கூம்பு முத்திரைகள் சிலவற்றில் லிடிய எழுத்தில் உரிமையாளரின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. சார்டிஸ் கல்லறைகளை 1910 முதல் 1914 வரை அமெரிக்கக் குழு ஒன்று ஹவர்ட் குரொஸ்பி பட்லர் தலைமையில் அகழ்ந்தபோது முத்திரைகள் தம் இடத்திலேயே கிடைத்தன. அவற்றை மீளாய்வு செய்த எல்ஸ்பெத் டியூசன்பரி 2003இல் வெளியிட்ட நூலில் சொன்னது இது: பல இனத்தவர் கலந்திருந்த ஒரு மேல்தட்டு, பேரரசோடு தனக்குள்ள உறவைக் காட்டுவதற்குத் தேர்ந்துகொண்ட பொதுமொழி அந்தப் பாணி. அந்த மேல்தட்டில் லிடியர் இருந்தனர். சுற்றிலும் ஃபிரிஜியர், காரியர், லிசியர் இருந்தனர். கல் வெட்டிய பட்டறைகளிலும் அவர்களே இருந்திருக்க வேண்டும், ஊர் அவர்களுடையது அல்லவா? அவர்களுக்குத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ள இன்றைக்கு ஒரு நாடு இல்லை, ஒரு தூதரகம் இல்லை, அவர்களுடைய மொழியைப் பேச ஒரு வாய் இல்லை. ஆகவே இரண்டு பெரிய பெயர்கள் அவர்களுடைய மோதிரங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன.

இப்படிச் சொல்வதால் நான் ஈரானியத் தேசியவாதிகளின் பக்கம் நிற்பதாக எவரும் எண்ண வேண்டாம். 1971இல் ஷா மன்னர் பெர்சிபோலிஸ் இடிபாடுகளுக்கு நடுவே கூடாரமடித்து, பேரரசின் 2,500 ஆண்டு விழாவை உலகத் தலைவர்களுக்கு விருந்து வைத்துக் கொண்டாடினார். சைரஸுக்குத் தாம் நேரடி வாரிசு என்று காட்டுவதே நோக்கம். எட்டு ஆண்டுகள் முடிவதற்குள் அவர் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. "எல்லாம் பாரசீகமே" என்பவர்களும் டேரியஸின் பட்டியலைப் பாதியிலே வெட்டுகிறவர்கள்தாம். அவர்கள் வெட்டும் இடம் மட்டுமே வேறு.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனி வேடிக்கையும் உண்டு. சங்க நூல்களில் வரும் யவனர் என்ற சொல்லை நாம் கிரேக்கர் என்றும் ரோமர் என்றும் விளக்குகிறோம். அந்தச் சொல்லின் வழி எது? அயோனியரைப் பாரசீகர் "யவ்ன" என்றனர். டேரியஸின் கல்வெட்டுகளில் இருப்பது அந்தச் சொல்லே. வடமொழியிலும் பிராகிருதத்திலும் நுழைந்து, யவன என்றும் யோன என்றும் வழங்கி, தெற்கே நம்மிடம் வந்தது. கிரேக்கர் தம்மைக் கிரேக்கர் என்று அழைத்துக்கொண்டதே இல்லை, அது ரோமர் இட்ட பெயர். ஆக, கிரேக்கனைக் குறிக்க ஈராயிரம் ஆண்டுகளாக நாம் வழங்கிவரும் சொல் கீழைத்தேயத்து வாய்களின் வழியே வந்தது. சொல்லே இப்படிக் கைமாறி வரும்போது, மோதிரம் மட்டும் ஒரே கையில் பிறந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது எந்த நியாயம்?

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இன்றைக்கும் தொடர்கிறது. கலாசாரச் சொத்துக்களின் களவு வணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானது. அதன்பிறகும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் "ஒரு தனியார் சேகரிப்பு" என்ற மூன்று சொற்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு முத்திரைக்கற்கள் விலைபோகின்றன. சட்டைப்பையில் அடங்கும் பொருள். விமான நிலையத்தில் எவர் கண்ணிலும் படாது. ஒரு சிலையைக் கடத்துவதற்குக் கப்பல் வேண்டும், ஒரு வரலாற்றைக் கடத்துவதற்கு ஒரு விரல் போதும்.

பெரிய நூதனசாலைகளின் கைகளில் இருந்தால் பாதுகாப்பு என்ற வாதத்துக்கு 2023 ஆகஸ்டில் பதில் கிடைத்தது. லண்டன் பிரித்தானிய நூதனசாலையின் கிரேக்க-ரோமப் பிரிவில் ஏறத்தாழ 1,500 பொருட்கள் காணாமற்போயோ களவுபோயோ விட்டன, மேலும் சில நூறு பொருட்கள் சேதப்படுத்தப்பட்டன என்று தெரியவந்தது. அவற்றில் பல முத்திரைக்கற்களும் நகைகளும். சில, இணையத்தில் அற்ப விலைக்கு விற்கப்பட்டிருந்தன. 2021இலேயே டென்மார்க் வணிகர் ஒருவர் எச்சரித்தும் உரிய கவனம் செலுத்தப்படவில்லை. இறுதியில் பணிப்பாளர் பதவி விலகினார். களவுபோனவற்றில் பெருந்தொகை ஏன் உடனே கண்டுபிடிக்கப்படவில்லை? அவை முறையாகப் பட்டியலிடப்படாதவை. கிடைத்த இடம் எழுதப்படாத பொருளுக்கும் இருக்கும் இடம் எழுதப்படாத பொருளுக்கும் கதி ஒன்றே.

களிமண்ணுக்கும் ஆபத்து வந்தது. 1997இல் ஜெருசலேமில் ஹமாஸ் நடத்திய குண்டுத்தாக்குதலில் காயமடைந்த அமெரிக்கர்கள், அந்த இயக்கத்துக்கு ஆதரவளித்ததாக ஈரான்மீது வழக்குத் தொடுத்து, 2003இல் ஏழு கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டுத் தீர்ப்பைப் பெற்றார்கள். அந்தப் பணத்துக்காக, ஆய்வுக்கென்று ஈரான் 1930களில் சிக்காகோவுக்கு இரவல் கொடுத்திருந்த பெர்சிபோலிஸ் பலகைகளைக் கைப்பற்ற முயன்றார்கள். குண்டில் சிதறிய உடலின் வலியைப் பற்றி எனக்குப் பாடம் தேவையில்லை. நான் வாழ்ந்த நகரங்கள் அதைக் கற்றுத்தந்திருக்கின்றன. அவர்கள் கேட்ட நீதி நியாயமானது. ஆனால் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் எழுத்தன் எழுதிய தானியக் கணக்கைத் துண்டுதுண்டாக ஏலம் போடுவது எவருடைய காயத்தையும் ஆற்றாது. 2018 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முயற்சியை நிராகரித்தது. 2019இலும் 2023இலும் ஆயிரக்கணக்கான பலகைகள் ஈரானுக்குத் திரும்பின. தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்திருந்தால், கிரேக்கக் கை என்ற பொய்யை மறுக்கும் மிகப்பெரிய சாட்சி உலகெங்கும் வரவேற்பறை அலமாரிகளில் சிதறிப்போயிருக்கும்.

வேறு நாட்டு மோதிரத்துக்கு நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று நண்பரொருவர் கேட்டார். கல்லைக் கண்டால் அதற்கு இனம் கேட்கும் நாட்டில் பத்திரிகைத் தொழில் செய்தவன் நான். ஒரு தரப்பு அடித்ததை "மோதல்" என்ற ஒரே சொல்லால் இரு தரப்புச் சண்டையாக்கிய செய்திகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே போடப்படும் கோட்டின் கீழே மூன்றாவது ஒருவன் மூச்சுத்திணறுவதைக் கண்டுகொள்ள அந்த அனுபவம் போதும்.

புதுப்பெயர் வைக்க நான் வரவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டு, மேற்கு அனத்தோலியா, அகாமனிசியப் பேரரசுக் காலம் என்று இடத்தையும் காலத்தையும் எழுதினாலே போதும். இடம் தெரியாவிட்டால் "கிடைத்த இடம் தெரியாது, வணிகரிடமிருந்து வாங்கப்பட்டது, வாங்கிய ஆண்டு இது" என்று அட்டையில் தெளிவாக எழுதட்டும். அதில் வெட்கம் இருந்தால் அந்த வெட்கம் வாங்கியவர்களுக்கு உரியது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளோடு நூதனசாலைக்குப் போகும்போது அந்த நீலக்கற்களின் முன்னால் சற்று நில்லுங்கள். பறக்கும் மானைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு அட்டையில் கிடைத்த இடம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கே உள்ள அலுவலரிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், இங்கே வெளியிடுகிறேன்.